ஒலிப்பதிவுக் கோப்புகளை இழந்ததும் மீட்டதும்

என் தந்தையார் 1980களில் மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவுப் பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பதிவு செய்து வைத்திருந்த 38 கேசட்டுகளை, இரண்டு மாதம் உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். பக்கத்துக்கு ஒரு கோப்பாக 76 வேவ் ஒலிக்கோப்புகள் உருவாயின. அரை மணி நேரம் ஓடும் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 எம்பி; மொத்தம் 23 ஜிபி. மடிக்கணினியில் இடம் குறைந்துகொண்டே வந்ததால், ஒரு மாலையில் அந்தக் கோப்புறை முழுவதையும் ‘கட்’ செய்து, எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் அமைந்த வெளி ஹார்டு டிஸ்க்கில் ‘பேஸ்ட்’ செய்தேன். பச்சைப் பட்டை நிறைந்து மறைந்த உடனே, டிஸ்க்கைப் பாதுகாப்பாக விடுவிக்கும் ‘எஜெக்ட்’ கட்டளையைக் கொடுக்காமல் கேபிளைக் கழற்றிவிட்டேன். மறுநாள் அந்தக் கோப்புறையைத் திறக்க முடியவில்லை.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்குக் கோப்பை நகர்த்தும்போது, கணினி முதலில் நகலெடுத்து, பின்னர் மூலத்தை அழிக்கிறது. வேகம் கூடும் என்று எண்ணி அந்த டிஸ்க்குக்கு ‘பெட்டர் பெர்ஃபாமன்ஸ்’ அமைப்பை நானே முன்பு தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த அமைப்பில், எழுதவேண்டிய தரவின் ஒரு பகுதி கணினியின் நினைவகத்தில் தங்கி, சற்றுத் தாமதமாகவே டிஸ்க்கில் இறங்கும். பச்சைப் பட்டையோ அதற்கு முன்பே முடிந்துவிடும். ‘எஜெக்ட்’ கொடுத்திருந்தால் தங்கியிருந்த தரவு முழுவதும் இறங்கிய பிறகே டிஸ்க் விடுபட்டிருக்கும். எக்ஸ்ஃபேட் முறையில், பாதியில் நின்ற மாற்றங்களைச் சரிசெய்துகொள்ள உதவும் ஜர்னல் பதிவேடு கிடையாது என்பதால், கோப்புறையின் அட்டவணையும் சிதைந்தது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், தரவைத் தேக்கிவைக்காமல் எழுதும் ‘க்விக் ரிமூவல்’ என்பதே இயல்பான அமைப்பு; அதை மாற்றாமல் விட்டிருக்க வேண்டும்.

மடிக்கணினியில் இருந்தது பழைய சுழல் வகை ஹார்டு டிஸ்க் என்பது என் நல்வாய்ப்பு. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், அழித்த இடத்தை ‘ட்ரிம்’ கட்டளை வெறுமையாக்கிவிடுவதால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருக்காது. நான் உடனே மடிக்கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தேன். அழிந்த கோப்பு இருந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதக்கூடாது. மீட்பு மென்பொருளைக்கூட அதில் நிறுவக்கூடாது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் 61 கோப்புகளைப் பெயருடன் திருப்பித் தந்தது. எஞ்சிய 15 கோப்புகள் இருந்த இடத்தின் மேல், இரவில் தானாக இறங்கிய புதுப்பிப்புகள் எழுதப்பட்டிருந்தன.

அந்த 15 கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு தேடினேன். அது அட்டவணையைப் பார்க்காமல், கோப்பின் தொடக்கக் குறியை வைத்தே தேடுவதால் பெயர்கள் திரும்புவதில்லை. எண்களைப் பெயராகக் கொண்ட 12 கோப்புகள் கிடைத்தன. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அப்பா ஊரின் பெயரையும் தேதியையும் சொல்லியிருந்ததால், அவர் குரலைக் கேட்டுக் கேட்டே பெயரிட்டேன். மீதி மூன்றில் இரண்டைக் கேசட்டிலிருந்து மறுபடி ஏற்றினேன். மூன்றாவதன் நாடா, பூஞ்சையால் ஒட்டிக்கொண்டு, முதல் முறை ஓடியபோதே பூச்சு உரிந்துவிட்டிருந்தது. ஒரு மூதாட்டி தன் மகனுக்காகப் பாடிய ஒப்பாரி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

இப்போது நான் ‘கட்’ செய்வதே இல்லை. நகலெடுத்த பின், மூலத்திலும் நகலிலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட்டுகளையும் ஒப்பிடுகிறேன். தமிழில் நீளமான பெயர் வைப்பவர்களுக்கு இது மிகவும் தேவை. விண்டோஸில் பாதைக்கு, அதாவது டிஸ்க், கோப்புறை, கோப்பு ஆகியவற்றின் பெயர்கள் சேர்ந்த முழு முகவரிக்கு, வழக்கமான வரம்பு 260 குறியீடுகள். ‘ஒப்பாரி’ நம் கணக்கில் நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு. வரம்பு மீறிய கோப்பை ‘ஸ்கிப்’ செய்துவிட்டு நகர்ந்தால் அது நகலில் இருக்காது.

பிறகு ‘எஜெக்ட்’ கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, மறுபடி செருகுகிறேன். கழற்றாமல் சோதித்தால் நினைவகத்தில் தங்கிய படியையே கணினி வாசித்துக் காட்டக்கூடும். அதன் பின் விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லின் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ கட்டளையால், மூலக் கோப்புகளுக்கும் நகல்களுக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறேன். ஒரு பிட் மாறினாலும் எண் வேறாகிவிடும். 23 ஜிபிக்கு இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும் நேரம் எடுக்கிறது, ஆனால் ஒரு முறைகூட இதைத் தவிர்ப்பதில்லை. இரண்டாவது டிஸ்க்கில் இன்னொரு படியும், வெளியூரில் தங்கை வீட்டில் மூன்றாவது படியும் சரிபார்க்கப்பட்ட பின்னரே மடிக்கணினியிலிருந்து எதையும் அழிக்கிறேன். 75 கோப்புகள் இப்போது அவ்வாறு இருக்கின்றன. இழந்த பக்கத்தின் எண்ணைப் பட்டியலில் காலியாகவே விட்டிருக்கிறேன்.