முன் டயரின் உள்விளிம்பு

அடுத்த வாரம் அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகிறோம். அதற்காக நேற்று டயர்களைப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள், நன்றாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, முன் டயரின் உள்விளிம்பைத் தடவினால் வழவழவென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் அப்படித்தான். இதோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியிருப்போம் என்று நினைத்தாலே பதறுகிறது.

உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணத்தில் கோளாறு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. டயரின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும், உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டால் டயரை மாற்றியே ஆகவேண்டும்.

நம் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது, திரும்புகிறது, பிரேக் பாரத்தையும் அதிகம் சுமக்கிறது. அதனால்தான் சுமார் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ரொட்டேஷன், அதாவது டயர்களை இடம் மாற்றிப் போடுவது. முன்னால் இருப்பவை நேராகப் பின்னுக்கு, பின்னால் இருப்பவை இடம் வலம் மாறி முன்னுக்கு. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மட்டும் பக்கம் மாற்றாதீர்கள்.

இன்று தேய்ந்த முன் டயர்களைக் கழற்றிவிட்டு, பின்னால் இருந்தவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து, புது டயர் இரண்டும் பின்னால் போட்டாச்சு. "புதுசை முன்னாடி போடலையாண்ணே?" என்று கடைத்தம்பி கேட்டார். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும் தம்பி, சமாளிப்பது கஷ்டம் என்றேன். அலைன்மென்ட்டும் முடிந்தது. ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடித்தாயிற்று.