பெரியப்பாவோட விசிடியும் திறக்காத டிரைவும்

மார்ச் 4, செவ்வாய்

பெரியப்பா வீட்டு கம்ப்யூட்டர்ல டிவிடி டிரைவ் திறக்க மாட்டேங்குது. உள்ள மாட்டிக்கிட்டு இருக்கிறது 2004ல ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஸ்டூடியோக்காரர் எடுத்துக் குடுத்த விசிடி, அதாவது வீடியோ சிடி. சாமி பொறப்பாட்டுல பெரியப்பா தவில் வாசிச்சிருக்காரு, நாதஸ்வரம் அவரோட மச்சான், அவரு இப்ப இல்ல. வேற காப்பி யாருகிட்டயும் கிடையாது. நான் போறதுக்குள்ளயே பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒருத்தர் வந்து பாத்துட்டு "ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்புனா வந்துரும் சார், டிரைவ் போனா போகுது"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நல்லவேளை பெரியப்பா கை வைக்க விடல.

நெம்புறதுல டிரைவ் போறது பெரிய விஷயமே இல்லங்க. சிடியோட கனம் 1.2 மில்லிமீட்டர், நாம பளபளன்னு பாக்குற அடிப்பக்கம் முழுக்க வெறும் பிளாஸ்டிக், பதிவு இருக்கிற அடுக்கு மேல, லேபிள் பக்கம், மெல்லிசா ஒரு பூச்சுக்கு அடியில இருக்கு. அடியில கீறுனா பாலிஷ் போட்டாவது பாக்கலாம், மேல கீறுனா அந்த இடத்துல இருந்தது போச்சு, திரும்ப வராது. ஸ்க்ரூ டிரைவர் மேலாப்புல நுழைஞ்சா நேரா அங்கதான் படும்.

பட்டன அமுக்கிப் பாத்தேன். லைட்டு மினுக்குது, உள்ள ஒரு "உர்ர்ர்" ரெண்டு செகண்டுக்கு, அப்புறம் அமைதி. இந்தச் சத்தம்தான் முக்கியம். சத்தமே இல்லன்னா பவர் கேபிள்ல இருந்து ஆரம்பிக்கணும். சத்தம் வருது, டிரே மட்டும் நகரலன்னா மோட்டார் சுத்துது, ஆனா சுத்துறது டிரேக்குப் போய்ச் சேரல.

ஆனாலும் சாஃப்ட்வேர் பூட்டு இருக்கான்னு பாத்துரணும். டிஸ்க்க ஏதாவது புரோகிராம் படிச்சுக்கிட்டு இருந்தா சிஸ்டமே "திறக்காத"ன்னு டிரைவுக்குச் சொல்லி வச்சிரும், பட்டன் எத்தன தடவ அமுக்குனாலும் கேக்காது. அதனால படம் ஓட்டுற விஎல்சி பிளேயர மூடிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, டெலீட் கீய தட்டி பயாஸ் ஸ்க்ரீன்ல நிப்பாட்டி அங்க பட்டன அமுக்குனேன். விண்டோஸே ஏறாத நேரம், பூட்டுப் போட ஆளில்ல. அங்கயும் அதே உர்ர்ர்தான். அப்ப கோளாறு மெக்கானிக்கல்தான், சந்தேகமில்ல.

மார்ச் 5, புதன்

ராத்திரி யோசிச்சப்ப தோணுச்சு, டிரே வரலன்னாலும் டிஸ்க் சுத்துதே, படிக்குதே! அப்ப எதுக்கு மொதல்ல திறக்கணும்? திறக்கிறதுல என்ன ஆனாலும் ஆகலாம், அதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறத வெளிய எடுத்துரணும். டிரைவ் திறக்கலன்னு யார் வந்து கேட்டாலும் இனிமே நான் மொதல்ல கேக்கப்போறது "உள்ள இருக்கிற டிஸ்க் இன்னும் படிக்குதா?"ங்கிறதத்தான்.

சாதாரணமா ஃபோல்டர தொறந்து, படம் இருக்கிற அந்த .DAT ஃபைல காப்பி போட்டா பாதியில எர்ரர் அடிச்சு நின்னுருது. விசிடில இது ரொம்ப சகஜம், காரணம் இருக்கு. சிடில டேட்டாவ செக்டார்னு சின்னச் சின்னத் துண்டாத்தான் எழுதுவாங்க. சாதா டேட்டா சிடில ஒரு செக்டார்ல 2048 பைட் டேட்டா, அதோட பிழை திருத்துறதுக்குன்னே தனியா 276 பைட் ஒதுக்கியிருப்பாங்க. விசிடியோட வீடியோ செக்டார்ல அந்தத் திருத்துற பகுதிய எடுத்துட்டு அந்த இடத்துலயும் படத்தையே ரொப்பிட்டாங்க, 2324 பைட். அதனாலதான் 700 எம்பி டிஸ்க்குல சுமார் 800 எம்பி படம் ஏறுது. நிறைய ஏத்துறதுக்காகப் பாதுகாப்ப கொறைச்சாச்சு, கல்யாண வீடியோவுக்குப் பரவால்லன்னு அன்னைக்கு நெனச்சிருப்பாங்க, இருபது வருஷம் கழிச்சு நமக்கு வந்து நிக்குது.

விண்டோஸுக்குப் பதிலா பென் டிரைவ்ல இருந்து உபுண்டு லினக்ஸ் ஏத்துனேன். ஈஜெக்ட் கமாண்ட் குடுத்துப் பாத்தேன், அதே உர்ர்ர். ஆனா அதே கமாண்ட்ல இன்னொரு நல்ல விஷயம் இருக்கு, டிரைவ் படிக்கிற வேகத்தக் கொறைக்கலாம். நாலு எக்ஸுக்கு (4x) கொறைச்சு வச்சுட்டு சிடிஆர்டாவோங்கிற (cdrdao) புரோகிராம் வச்சு செக்டார அப்படியே கச்சாவா உருவி எடுத்தேன். பழைய டிஸ்க்க ஃபுல் ஸ்பீட்ல சுத்த விடக்கூடாது, மெதுவா படிச்சா தடுமாற எடத்துலயும் பல நேரம் படிச்சிரும். அப்புறம் விசிடிஎக்ஸ்ரிப்ங்கிற (vcdxrip) இன்னொரு புரோகிராம்ல போட்டு எம்பெக் வீடியோ ஃபைலாப் பிரிச்சேன். கடைசிப் பக்கம் கொஞ்சம் கட்டம் கட்டமா ஒடையுது, சத்தம் மட்டும் விடாம வருது. பெரியப்பாவுக்கு வேண்டியது சத்தம்தான்.

ரெண்டு எடத்துல சேவ் பண்ணிட்டுதான் சாப்பிடவே உக்காந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்னைக்குத்தான் டிரேய தொட்டேன். டிரைவ் முன்னாடி, பட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி, குண்டூசி போற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க, அது இதுக்காகவே வச்சது. நெறைய பேரு அத மைக்குன்னோ ரீசெட்டுன்னோ நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி, பிளக்கையும் உருவிட்டு, கொஞ்ச நேரம் விட்டேன். டிஸ்க் சுத்திக்கிட்டு இருக்கும்போது இத செய்யவே கூடாது. ஜெம் கிளிப்ப நிமித்தி நேரா உள்ள விட்டா ஒரு எடத்துல தட்டும், அங்க இருந்து நிதானமா, கோணாம அழுத்தணும். டெஸ்க்டாப் டிரைவ்ல அந்தக் கம்பி உள்ள இருக்கிற பல்சக்கரத்தையோ சறுக்குற துண்டையோ தள்ளும், லேசர் பாகம் கீழ இறங்கும், அப்புறம் டிரே ஒரு சென்டிமீட்டர் வெளிய மூஞ்சி காட்டும். அதுக்கப்புறம் விரலால மெல்ல இழுத்தா போதும். லேப்டாப்போட ஒல்லி டிரைவ்ல கத வேற, அங்க டிரேய தள்ள மோட்டாரே கிடையாது, கம்பி ஒரு கொக்கிய விடுவிச்ச உடனே ஸ்பிரிங் டப்புன்னு தள்ளிரும்.

வந்துருச்சு! டிஸ்க்ல ஒரு புதுக் கீறல் கூட இல்ல. பெரியப்பா அத வேட்டி நுனியால தொடைக்கப் போனாரு, "பெரியப்பா வேணாம், நடுவுல இருந்து ஓரத்துக்குத் தொடைக்கணும், வட்டமா தேய்க்கக் கூடாது"ன்னு வாங்கி உறையில போட்டுட்டேன். வட்டமா கீறல் விழுந்தா ஒரே தடத்துல நீளமா டேட்டா போகும், குறுக்க விழுந்தா ஒவ்வொரு தடத்துலயும் துளித்துளியாதான் போகும், அத டிரைவ் சமாளிச்சிரும்.

மார்ச் 8, சனி

டிரைவ கழட்டியாச்சு. அடியில நாலு ஸ்க்ரூ, டிரே முகப்ப மேல தள்ளி எடுத்தா முன் பிளாஸ்டிக் கிளிப்புல இருந்து விட்டுரும். உள்ள முன்னாடியே ஒரு குட்டி மோட்டார், அதுல இருந்து பெரிய சக்கரத்துக்கு ஒரு கருப்பு ரப்பர் பெல்ட்டு. நெனச்ச மாதிரியே அதுதான். தொளதொளன்னு, உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆயிருக்கு. மோட்டார் சுத்த சுத்த பெல்ட்டு வழுக்குது, அதுதான் அந்த உர்ர்ர்.

ஆனா சில சமயம் திறக்குது சில சமயம் மாட்டேங்குதுன்னு பெரியப்பா சொல்லிட்டே இருந்தாரு, அதுக்கும் காரணம் இருக்கு. டிஸ்க்க நடுவுல மேல இருந்து காந்தம் வச்ச ஒரு வில்லை புடிச்சுக்கும். டிரே வெளிய வரணும்னா அந்தக் காந்தப் புடிய மொதல்ல பிச்சாகணும், மோட்டாருக்கு அதிக வலு தேவைப்படுறது அந்த எடத்துலதான். டிஸ்க்கே இல்லாம மூடி வச்சா காந்தம் இன்னும் நெருங்கி ஒட்டிக்கும், புடி இன்னும் அதிகம். பெல்ட்டு தளந்து போன டிரைவுல ஏதாவது ஒரு பழைய டிஸ்க்க உள்ளயே போட்டு வச்சா திறக்குறதுக்குக் காரணம் இதுதான்.

பெரியப்பா தேங்காண்ண எடுத்துட்டு வந்தாரு, "ரெண்டு சொட்டு விட்டா ஓடும்டா". வேணாம்னு சொன்னேன். எண்ண பட்டா பெல்ட்டு இன்னும் வழுக்கும், ரப்பர் ஊறிப் போகும், தூசி வேற ஒட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல கப்பியையும் பெல்ட்டையும் தொடைச்சேன், டிரே போற தடத்துல காஞ்சு கெட்டியான பழைய கிரீச வழிச்சு எடுத்துட்டு பிளாஸ்டிக்குக்குப் போடுற வெள்ள கிரீஸ் பொட்டளவு வச்சேன். பெல்ட்ட கொதிக்கிற தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு எடுத்தா சுருங்கிப் புடிக்கும், செஞ்சேன், திறந்துச்சு. ஆனா இது தற்காலிகம்தான், மறுபடி தளந்துரும். புதுசு வாங்கியே ஆகணும்.

மார்ச் 11, செவ்வாய்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. கேட்ட கடையிலெல்லாம் "யூஎஸ்பி டிவிடி ரைட்டர் எடுத்துக்கோங்க சார், இத யாரு இப்ப ரிப்பேர் பண்றா"ங்கிறாங்க. அவங்க சொல்றதும் நியாயந்தான். ஆனா இது இன்னும் நல்லா படிக்குது, கெட்டது ஒரு ரப்பர் வளையம், அதுக்காகத் தூக்கிப் போட மனசு வரல. கடைசியா டேப் ரெக்கார்டர் பெல்ட்டு விக்கிற ஒருத்தர்கிட்ட கிடைச்சது. பழச கையோட கொண்டு போனது நல்லதாச்சு, அவரு பக்கத்துல வச்சுப் பாத்து, "சதுரப் பெல்ட்டு தம்பி, உருண்டை போட்டா கப்பியில நிக்காது, இழுத்து நீண்டு போயிருக்கு, ஒரு சைஸ் கம்மியா எடு"ன்னாரு. ரொம்ப டைட்டா போட்டாலும் மோட்டார் தாங்காதுன்னு அவரே எச்சரிச்சும் விட்டாரு. விஷயம் தெரிஞ்ச மனுஷன்.

மார்ச் 12, புதன்

பெல்ட்டு மாட்டியாச்சு. டிஸ்க் போட்டும் பாத்தாச்சு, போடாமயும் பாத்தாச்சு, ரெண்டுலயும் பட்டன அமுக்குன உடனே டிரே வருது, உர்ர்ர் இல்ல.

சாயங்காலம் காப்பி எடுத்த ஃபைல டிவில போட்டோம். விசிடியோட படம் 352க்கு 288தான், பெரிய டிவில மங்கலாத்தான் தெரியும், ஆனா சாமி பொறப்பட்டு கம்பீர நாட்டை ராகத்துல மல்லாரி எடுத்த உடனே பெரியப்பா கை தொடையில தாளம் போட ஆரம்பிச்சிருச்சு, "இந்த எடத்துல மச்சான் இழுத்து நிறுத்துவாரு பாரு"ன்னு சொல்லி முடிக்கல, ஸ்பீக்கர்ல அவரு நிறுத்துறாரு. பெரியம்மா அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காந்துட்டாங்க.

ஃபைல எம்பி4ஆ மாத்தி வாட்ஸ்அப்புல போடச் சொல்லி தங்கச்சி கேட்டா. போடுறேன், ஆனா மூல எம்பெக் அப்படியே தனியா இருக்கும், ஏற்கனவே நல்லா அமுக்கி வச்ச படம் அது, திரும்ப அமுக்குனா சத்தத்தோட தரமும் கொறஞ்சிரும். ஒரு காப்பி என் ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு தங்கச்சி வீட்ல. பெரியப்பா பரண்ல இருந்து மஞ்சப்பை நெறைய இன்னும் விசிடி எறக்கி வச்சிருக்காரு, சிலதுல ஸ்டூடியோ ஸ்டிக்கர் ஓரம் பேந்து நிக்குது, அது உள்ள போய் உரிஞ்சா மறுபடி டிரே மாட்டும். அதயெல்லாம் தனியா எடுத்து வச்சிட்டேன், ஸ்டிக்கர உரிக்கப் போறதில்ல, அதோட சேந்து மேல்பூச்சும் வந்துரும். ஓரத்த மட்டும் வெட்டி விட்டு, ஞாயித்துக்கிழம மெதுவா ஒண்ணொண்ணா ஓட்டணும்.