கத்தியில் வந்த மீன்கொத்தி

இரணைமடு வாய்க்கால் கரையில் பார்த்த வெண்மார்பு மீன்கொத்தியை எண்ணெய் வர்ணத்தில் நேற்று வரைந்து முடித்துவிட்டேன். தூரிகையைத் தொடவே இல்லை, முழுக்க வர்ணக் கத்திதான், வர்ணத்தை அள்ளிப் பூசும் மெல்லிய தகடு.

கபிலத் தலை, வெள்ளை நெஞ்சு, நீல முதுகு, சிவப்பு அலகு. இப்படி நிறங்கள் பிரிந்து நிற்கும் பறவைக்குக் கத்தியை விடப் பொருத்தமான கருவி இல்லை. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பழைய சாரத் துணியால் துடைத்தால் ஒரு நிறம் மற்றதை அழுக்காக்காது. முதுகுக்கு மட்டும் நீலத்தையும் கொஞ்சம் பச்சையையும் முழுதாகக் கலக்காமல் கத்தியின் அடியில் எடுத்து, ஒரே இழுவையாக இழுத்தேன். இறகின் மினுக்கம் தானாக வந்தது. அந்த ஒரு இழுவைக்காக மூன்று தடவை சுரண்டி எடுத்திருக்கிறேன்.

அப்பம்மா கிட்ட வந்து பார்த்து, "என்ன பிள்ளை, சாந்து பூசின மாதிரிக் கிடக்கு" என்றா. பிறகு நாலடி தள்ளி நின்று, "ஓம், இப்ப மீன்கொத்தி" என்றா. எனக்கு அதுவே போதும்.

சரி, காயத்தான் நாள் எடுக்கும். எண்ணெய் வர்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. அதில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் இறுகும். மேலே தோல் பிடித்தாலும் தடித்த இடங்கள் உள்ளே மாதக்கணக்கில் இளக்கமாகவே இருக்கும். சோளகக் காற்று அள்ளிவரும் செம்மண் புழுதி ஒட்டாமலிருக்க, உள்ளறையில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது பனையோலைப் பெட்டி நிறையப் பாலைப்பழம். ஒவ்வொரு பழமும் கத்தி நுனியால் ஒரு மஞ்சள் பொட்டு. பருவம் முடியமுன் தொடங்கவேண்டும்.