லாக் புக்கில் தொலைந்த 37: கண் மருத்துவம் படிக்க வரும் தங்கச்சிகளுக்கு

இரண்டாம் ஆண்டுக் கடைசியில், செய்த அறுவைகளைப் பதிந்து வைக்கும் லாக் புக்கில் கையெழுத்து வாங்க உட்கார்ந்தபோதுதான் முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன். நான் செய்த கண்புரை அறுவை 41. என்னோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பனுக்கு 78. படிப்பில் இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். லீவு அவனைவிட நான் குறைவாகத்தான் போட்டிருந்தேன். அப்படியென்றால் அந்த 37 எங்கே போனது?

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கண் மருத்துவ மேற்படிப்பான எம்.எஸ். முடித்தேன். பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து டைரியைப் புரட்டினால் விடை அதிலேயே இருந்தது. தியேட்டர் நாளன்று, அதாவது அறுவை நடக்கும் நாளில், காலையில் "ஓ.பி.யில கூட்டமா இருக்கும்மா, கொஞ்சம் பார்த்துட்டு வந்துடு" என்பார்கள். புறநோயாளிப் பிரிவில் அந்தக் கொஞ்சம் ஒரு மணிக்கு முன்னால் முடிந்ததே இல்லை. உசிலம்பட்டி, திருமங்கலத்திலிருந்து வரும் பாட்டிகள் 'பொம்பள டாக்டர் ரூம்' எது என்று விசாரித்து என் வாசலில் வந்து உட்காருவார்கள். கண்ணைப் பார்க்க ஐந்து நிமிடம் என்றால், மருமகள் சொட்டு மருந்து விட மாட்டேன் என்கிறாள் என்பதைக் கேட்கப் பத்து நிமிடம். அதைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் வைத்தியம்தான். ஆனால் லாக் புக்கில் அதற்குக் கட்டம் கிடையாது.

அடுத்தது ஊர் ஊராக நடக்கும் கண் முகாம். விடிகாலையில் வேன் கிளம்பும். "பொம்பளப் பிள்ளை எதுக்கு அலையணும்" என்று அக்கறையாகவே என்னை விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் யூனிட்டில் முகாமில் நோயாளியைப் பார்த்துக் கூட்டி வந்தவருக்குத்தான் மறுநாள் அந்தக் கேஸ். அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கியவள் நான்.

எனக்கு வேலை குறைவாக இல்லை, அறுவைதான் குறைவாக இருந்தது. ராத்திரி கால் கடுக்க விடுதிக்குத் திரும்பும்போது இன்று நிறையக் கற்றுக்கொண்டோம் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 24 பயிற்சி மையங்களின் 2005 முதல் 2017 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் பயிற்சி முடிக்கும்போது பெண்கள் செய்த கண்புரை அறுவை ஆண்களைவிடக் குறைவு. பேறுகால விடுப்பு எடுத்த பெண்ணுக்கும் எடுக்காத பெண்ணுக்கும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததாம். 'பிள்ளை பெத்துக்கப் போனா கேஸ் குறையத்தானே செய்யும்' என்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம். பயிற்சி முடித்த பிறகும் இதே கதைதான். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் 2012, 2013 கணக்கில் ஆண் கண் மருத்துவர் ஒரு டாலர் வாங்கிய இடத்தில் பெண் வாங்கியது 58 சென்ட். ஒரு பில்லுக்குக் கிடைத்த தொகையில் வித்தியாசம் இல்லை, பெண்கள் போட்ட பில்களே குறைவு.

பெண்ணுக்கு அறுவைக்கான கைவாகு போதாது என்று யாராவது பேசினால் மதுரைக்காரர்கள் சிரிக்க வேண்டும். 1976ல் 11 படுக்கையோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தில் கோணிப்போனவை. அந்தக் கையோடுதான் லட்சத்துக்கும் மேல் அறுவை செய்தார். தொடக்கத்திலிருந்தே அவரோடு நின்று அறுவை செய்தவர் அவருடைய தங்கை டாக்டர் நாச்சியார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் ஸ்டூல். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு ஐந்தடி உயரம். ஆறடி சீனியர் எழுந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தால் அறுவை மைக்ரோஸ்கோப்பின் பெடலுக்குக் கால் எட்டாது, தோளைத் தூக்கிக்கொண்டுதான் கண்ணருகே கை போகும். ஐபீஸ் இரண்டும் அவர் கண்ணின் இடைவெளிக்கு விரிந்திருப்பதால் எனக்கு ஒரே உருவமாகச் சேராது. அந்த நிலையில் டனல் (கண்ணுக்குள் நுழையப் போடும் வெட்டு) போட்டால் கோணத்தான் செய்யும். "இவளுக்குக் கை நடுங்குது" என்று பெயர் வந்துவிடும், எனக்கு வந்தது. ஸ்க்ரப் செய்யும் முன்பே ஸ்டூல், கட்டில், பெடல், ஐபீஸ் நாலையும் உங்களுக்கென்று மாற்றி வையுங்கள். காத்திருக்கிறவர்கள் ஒரு நிமிடம் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

அப்புறம், முழுக் கேஸ் தரவில்லை என்று ஒதுங்கி நிற்காதீர்கள். "லென்ஸ் மட்டும் நான் வைக்கட்டுமா சார்?" என்று கேளுங்கள். அடுத்த வாரம் கார்டெக்ஸ் (புரையை எடுத்த பிறகு மிஞ்சும் மென்பகுதி) கழுவக் கேளுங்கள், அதற்கடுத்து டனல். ஒரு கட்டத்தைக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். லென்ஸ் உறையின் முன்பக்கத்தை வட்டமாகக் கிழிக்கும் ரெக்சிஸை வீட்டிலேயே தக்காளித் தோலில் பழகலாம். தையலுக்கு ஆட்டுக்கண் போதும். நெல்பேட்டைக் கறிக்கடை அண்ணனிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார். "எதுக்கும்மா?" என்று ஒருமுறை கேட்டார், விளக்கினேன். அதன்பிறகு காசு வாங்கவில்லை.

லீவு எடுக்க வேண்டியிருந்தால் எங்கள் ஊர் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரையில் கண்புரை நோயாளிகள் வர மாட்டார்கள். "அழகர் ஆத்துல இறங்கட்டும் தாயி, அப்புறம் வர்றேன்" என்பார்கள். நான் அக்கா கல்யாணத்துக்கு வைகாசியில் லீவு போட்டுவிட்டு, கூட்டம் குவிந்த வாரங்களைக் கோட்டைவிட்டேன்.

மூன்றாம் ஆண்டு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். பார்த்தது, அசிஸ்ட் செய்தது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது எல்லாம் அன்றன்றைக்கு எழுதினேன். கெட்டுப்போனதையும் எழுதினேன். தியேட்டர் நாளில் ஓ.பி.க்கு அனுப்பப்பட்ட தேதிகளும் அதில் இருந்தன. மாதக் கடைசியில் அதை யூனிட் சீஃப் முன்னால் வைத்து, "சார், இந்த மாசம் எனக்கு 3, அவனுக்கு 9" என்றேன். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த மாதம் ஓ.பி.க்கு முறை போட்டார், முகாம் வேனில் எனக்கும் ஒரு சீட் கிடைத்தது. நண்பனைக் கடைசிவரை எட்டிப் பிடிக்கவில்லை, ஆனால் இடைவெளி பாதியாகச் சுருங்கியது.

செய்முறைத் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் என் லாக் புக்கைப் புரட்டிவிட்டு, "பி.சி. ரென்ட் எத்தனை ஆச்சு?" என்றார். அறுவையின்போது லென்ஸின் பின்னுறை கிழிந்துபோன கேஸ்களைக் கேட்டார்.

"ஆறு சார். தேதியோட சொல்லட்டுமா?"

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "வேண்டாம்மா. ஆறாவதுல என்ன பண்ணினே, அதைச் சொல்லு" என்றார்.