கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு குளம்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரியகோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். நானும் இத்தனை வருடம் அந்த ரகம்தான். இந்த முறை மன்னார்குடியிலிருந்து அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பதினோரு மணிக்கே கோயில் கல்தரையில் கால் வைக்க முடியவில்லை. "நெழலா ஒரு எடம் பாருடா" என்றாள் அம்மா. சரி என்று பக்கத்திலிருந்த சிவகங்கைப் பூங்காவுக்குள் நுழைந்தோம்.

சீரமைப்பு என்று சில வருடம் மூடிக் கிடந்த பூங்கா இது. சின்ன வயதில் இங்கே மான் பார்த்த ஞாபகம். "மான் எங்கே அப்பாயி?" என்று மகள் அம்மாவைத் துளைத்தெடுத்து, கடைசியில் ஊஞ்சலோடு சமாதானமானாள். புது நடைபாதை, புது பெஞ்சு எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கின்றன. எனக்கென்னவோ பழைய மரத்தடிதான் பிடித்தது.

ஆனால் இங்கே பார்க்க வேண்டியது குளம். நாயக்கர் காலத்துச் சின்னக்கோட்டைக்குள்தான் பெரியகோயில், குளம், பூங்கா எல்லாமே இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஊருக்கு மேற்கே இருக்கும் செவ்வப்பநாயக்கன் ஏரியில் மழைநீர் சேரும். அங்கிருந்து இந்தக் குளத்துக்கு வரும். இங்கிருந்து பூமிக்கடியில் போகும் வழியாக ஐயன்குளம் போன்ற ஊர்க்குளங்களுக்குப் பிரியும். மோட்டார் கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும், அவ்வளவுதான். ஆற்றுத் தண்ணீரை நம்பியே வளர்ந்த எங்களுக்கு, ஒரு நகரமே மழையைச் சேர்த்துக் குடித்தது என்பது புதுச் செய்தி. "நம்ம ஊர் ஹரித்ராநதிக் குளமும் பெருசுதான்" என்று அம்மா விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். அதுவும் நியாயம்தான்!

பக்கத்திலேயே 1779இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம். மரணப் படுக்கையில் கிடந்த சுவார்ட்ஸ் பாதிரியாரை தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி பார்க்க வந்த காட்சியைப் பளிங்கில் செதுக்கச் சொல்லி, அந்தச் சிற்பத்தை இங்கிலாந்திலிருந்து மன்னரே வரவழைத்தார். அதைப் பார்க்க ஆசைதான். ஆனால் மகளுக்குப் பசி வந்துவிட்டது.

வெளியே வேர்க்கடலைப் பொட்டலம் மூன்று வாங்கினோம். வாசலைத் தாண்டியதும் மறுபடி பஸ் ஹாரன், ஆட்டோ சத்தம். அப்பாயியும் பேத்தியும் கடலைத் தோலை ஊதிக்கொண்டே முன்னால் நடந்தார்கள், செருப்பை நான் பூங்கா பெஞ்சடியிலேயே விட்டுவிட்டேன் என்பது தெரியாமல்.