கற்காலத்து ஆள் என்று திட்டும்போது

பட்டன் போன் வைத்திருப்பவரைப் பார்த்தால், "நீ என்ன கற்காலத்துலயே இருக்க?" என்று கேட்டுவிடுகிறோம். பழையது, மட்டமானது, மூளை வேலை செய்யாதது என மூன்று பொருளும் அந்தச் சொல்லில் ஏறிவிட்டன. முதல் பொருள் சரி. மற்ற இரண்டும் அநியாயம்.

1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தாரே, அந்த மாதிரிக் கல்லாயுதத்தை இன்று செய்து பார்த்தால் தெரியும். கைக்கோடரிக்குக் கையடக்கமான குவார்ட்சைட் (கெட்டியான ஒரு வகைப் பாறை) உருளைக்கல் வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், பாதியில் பிளந்துவிடும். இன்னொரு உருண்டைக் கல்தான் சுத்தியல். அடி விளிம்பை ஒட்டி விழ வேண்டும், அங்கே கோணம் 90 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கோணம் கூடினால் சில்லு பெயராது, விளிம்புதான் நசுங்கும். அடியில் வலு குறைந்தால் சில்லு பாதி வழியில் முறிந்து படிக்கட்டு போல ஒரு மேடு நின்றுவிடும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஒரு சில்லு பெயர்ந்ததும் கல்லைத் திருப்பி, அது விட்ட பள்ளத்தின் ஓரத்திலேயே அடுத்த அடி. இப்படி இருபுறமும் செதுக்கிக் கூராக்க, அடுத்த இரண்டு மூன்று அடியை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். உடைந்த எல்லாக் கல்லும் ஆயுதம் ஆகாது. அடுத்தடுத்து ஒழுங்காகச் சில்லு பெயர்த்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதே ஊரில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கோடரியை விட்டுச் சிறிய சில்லுக் கருவிகளுக்கு மாறிவிட்டார்கள். தென்மாவட்டச் செம்மணல் மேடுகளான தேரிகளில் கிடைக்கும் இடைக் கற்கால நுண்கருவிகளும் (மிகச் சிறிய கல்லாயுதங்கள்), திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியின் மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளும் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தவை. பழைய, இடை, புதிய கற்காலம் என்று பிரித்திருப்பது இதற்காகத்தான். புதிய கற்காலத்தில் பயிர் வைத்தார்கள், மாடு வளர்த்தார்கள், பானை வனைந்தார்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் சொல் ஒன்று உண்டு: பெருங்கற்காலம். பெயரில் கல் இருப்பதால் கல்வட்டத்தையும் கல்திட்டையையும் கற்காலக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவை இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச்சின்னங்கள். தமிழ்நாட்டில் அவற்றைத் தோண்டும்போது கறுப்பு சிவப்புப் பானைகளோடு இரும்பு வாளும் கோடரியும் வருகின்றன. அது இரும்புக்காலம்.