பீரோவின் மேலே பதினொரு நாள்

கோமளம் பீரோவின் மேல் ஏறியது 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை. பகல் வெளிச்சத்தில் கீழே இறங்கியது 19ஆம் தேதி. இடைப்பட்ட நாள்களில் அப்பா வாங்கிய இரும்புப் பீரோவுக்கும் மேற்கூரைக்கும் நடுவே, கொலு பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தாள். தெருப்பூனையை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் வந்த பூனையைப் பற்றியே விசாரிக்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்த பூனையான கோமளத்தைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும்.

வந்தவளை முதலில் சொல்லிவிடுகிறேன். மிக்ஜாம் புயல் அன்று, டிசம்பர் 4 திங்கட்கிழமை காலை, பெரம்பூரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வாசலில் நான்கு படிகள். மூன்றாவது படிவரை ஏறிவிட்டது. எதிர்வீட்டு மீட்டர் பெட்டியின் மேல் வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என மூன்று நிறத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. கத்தவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. கத்தியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. தெருவில் மின்சாரம் போய் வெகுநேரம் ஆகியிருந்ததால் துணிந்து இறங்கினேன். போர்வையைப் போட்டுப் பிடித்தபோது முழங்கையில் நீளமாகக் கீறிவிட்டாள். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். தண்ணீர் வடிந்த புதன்கிழமை அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கினேன். 0, 3, 7, 28 என்று நான்கு நாள்கள். பூனைக் கீறல்தானே என்று யாரும் விட்டுவிடாதீர்கள்.

பின்கட்டுச் சாமான் அறையில் அவளை வைத்துக் கதவைச் சாத்தினேன். தண்ணீரின் மேல் வந்தவள் என்று அம்மா அல்லி எனப் பெயரிட்டார். மூன்று நிறப் பூனை என்றாலே பெண்ணாகத்தான் இருக்கும், மிக அரிதாகவே ஆண். செம்பழுப்பு நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. செம்பழுப்பும் கறுப்பும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும். இதைச் சொல்லித்தான் அம்மாவை நம்ப வைத்தேன்.

வீட்டில் அப்போது இரண்டு பேர். மணி, பதினொரு வயது நாட்டு நாய், கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. கோமளம், ஏழு வயது, சாம்பல் நிறம். கையளவு குட்டியாக வந்ததிலிருந்து வேறு பூனையோடு பழகாதவள்.

வியாழக்கிழமை அல்லியைத் துணிக்கூடையில் வைத்து, மேலே வலை கட்டி, ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் பல்லைப் பார்த்து ஒரு வயது இருக்கும் என்றார். காதுக்குள் காபித்தூள் போலக் கறுப்பு அழுக்கு. காதில் வாழும் நுண்ணிய பூச்சியின் வேலை அது; மற்றப் பூனைக்கும் ஒட்டும், நாய்க்கும் ஒட்டும். சொட்டு மருந்து, குடற்புழு மருந்து, தடுப்பூசி. “இரண்டு வாரமாவது தனியறையில் வையுங்கள்” என்றார்.

காதுப் பூச்சியைவிட அவர் அஞ்சியது பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸை. அதைச் சுமந்து வரும் பூனைக்கு நோய் வெளியே தெரியச் சில நாள்கள் ஆகும். வைரஸோ தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். “உங்கள் பழைய பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டார். கோமளத்துக்குக் கடைசியாகப் போட்டது 2020 தொடக்கத்தில். ஊரடங்கில் விட்டுப்போனதை நான் மீண்டும் தொடங்கவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது கூசிப்போனேன்.

இன்னொன்றையும் அவர் அன்று சொன்னார். வெள்ளம் வடிந்ததும் சென்னையில் எந்த வீட்டில்தான் பினாயில் ஊற்றித் துடைக்கவில்லை? நாங்களும் துடைத்திருந்தோம். பினாயில் பூனைக்கு நஞ்சு. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதனால்தான். போதாததற்கு, அந்த வைரஸுக்குப் பினாயிலை நம்பவும் முடியாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர்தான் சரி, அதையும் காய்ந்த பிறகு நல்ல நீரால் துடைத்துவிட வேண்டும். நாய்க்கு உண்ணி போகப் பிடரியில் விடும் சொட்டு மருந்தைப் பற்றியும் எச்சரித்தார். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. ஒரு பூனைக்கு வலிப்பு வர அது போதும். மணிக்கு வாங்கியது வீட்டில் பாக்கி இருக்கிறதே, அல்லிக்கும் விடலாம் என்று நானே நினைத்திருந்தேன்.

இவ்வளவும் கேட்டுவிட்டு வந்தவன் மறுநாளே தவறினேன். மின்சாரம் இன்னும் சரியாக வரவில்லை. சாமான் அறையில் புழுக்கம். அல்லி கதவடியில் மூக்கை வைத்துப் படுத்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் கதவைத் திறந்துவைத்தேன். அவள் நேராகக் கூடத்துக்கு வந்து கோமளத்தின் கிண்ணத்தில் வாயை வைத்தாள். அதன் பிறகு நடந்தது அரை நிமிடம்கூட இருக்காது. அப்படி ஒரு சத்தம் கோமளத்திடமிருந்து ஏழு வருடத்தில் வந்ததில்லை. மணி இடையில் புகுந்து குரைத்தான். அல்லி பின்கட்டுக்கு ஓடினாள். கோமளம் பீரோவின் மேல்.

“அவளுக்குப் பொறாமை, வேறென்ன?” என்றார் அம்மா. பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னார். “இரண்டு நாளில் சரியாகிவிடும், தம்பி.” அந்தச் சொல்லை நான் இன்றும் ஏற்க மாட்டேன். பொறாமைப்படுகிறவள் வந்து சண்டை போடுவாள், நம் மடியில் இடம் பிடிப்பாள். கோமளம் கண்பாப்பா முழுதும் விரிய, காதைத் தலையோடு ஒட்டிவைத்துக்கொண்டு நடுங்கினாள். அது பயம். பூனைக்கு வீடு என்பது வாசனை. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து ஏழு வருடம் அவள் கட்டிய வீட்டின் மேல் வேற்று வாசனை ஒன்றை நான் ஒரே மாலையில் பூசிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் அவள் ஒன்றும் தின்னவில்லை. மேலே மடித்து வைத்திருந்த ரஜாயிலேயே சிறுநீர் கழித்தாள். மருத்துவரிடம் ஓடினேன். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும் என்றார். அன்றிரவு ஸ்டூலின் மேல் நின்று, வேகவைத்து முள் எடுத்த நெத்திலியை விரல் நுனியில் வைத்து நீட்டினேன். (பச்சையாகப் போடக் கூடாது, சில மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, வெந்தால் அது போய்விடும்.) மூன்றாம் முறை நக்கினாள். நான் அழுதேன். அதன் பிறகு வேளாவேளைக்கு ஸ்டூல், நெத்திலி. மணல் தட்டைப் பீரோவுக்கு அருகே மாற்றி வைத்தேன். நள்ளிரவில் இறங்கிப் போய்விட்டு உடனே ஏறிக்கொள்வாள்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். அல்லி மூடிய கதவுக்குப் பின்னால். அவள் கன்னத்தைத் துடைத்த துண்டைக் கோமளத்தின் தட்டுக்கு அடியில் விரித்தோம், கோமளத்துடையதை அல்லிக்கு. 13ஆம் தேதி தச்சர் வந்து சாமான் அறைக்குக் கொசுவலைக் கதவு போட்டுக் கொடுத்தார். பூனைக்காகவா என்று இரண்டு முறை கேட்டார். பார்க்கலாம், மோந்து கொள்ளலாம், தொட முடியாது. இந்த ஊரில் எந்த மரவேலைக்காரரும் அரை நாளில் செய்து தரும் பொருள் அது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

மணியின் பாடு எளிதாக முடிந்தது. வலைக்கு இந்தப் பக்கம் அவன் வாலாட்டியதைக் கண்டு அல்லி முதலில் சீறினாள். பூனை வாலை வீசினால் எரிச்சல் என்று பொருள், நாய்க்கோ அது நட்பு. இரண்டு நாளில் புரிந்துகொண்டாள். இப்போது அவன் வயிற்றில் சாய்ந்துதான் உறங்குகிறாள்.

19ஆம் தேதி பிற்பகல் அம்மா தரையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். கோமளம் இறங்கி வந்து, சரத்தைத் தாண்டி, அவர் மடியில் ஏறிப் படுத்தாள். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார், விளக்கேற்றும் நேரம் வரை.

தூரத்தைக் கூடத்து மொசைக் கல்லை எண்ணித்தான் அளந்தோம். பொங்கலுக்குப் பிறகு வலைக்கதவைத் திறந்தபோது இரண்டு தட்டுகளுக்கும் நடுவே பதினான்கு கல். மார்ச்சில் அல்லிக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்த பிறகு எட்டு. இப்போது மூன்று. அதற்குக் கீழே வரவில்லை, நாங்களும் நெருக்கவில்லை. மணல் தட்டுகள் மூன்று; இரண்டு பூனைக்கு ஒன்று கூடுதல்.

இரண்டும் தோழிகள் ஆகவில்லை. பீரோவின் மேல் பழைய ரஜாய் ஒன்று கோமளத்துக்காக நிரந்தரமாகக் கிடக்கிறது. கொலுப் பெட்டிகள் பரணுக்குப் போய்விட்டன. அல்லி எப்போதாவது அங்கே தாவப் பார்த்தால் நான் எழுந்து போய்த் தூக்கிக் கீழே விடுகிறேன்.